வெறும் கணக்கா?

“வித்தை இருக்கிறது, ஜீவன் இல்லை. வெறும் கணக்கு.”

சங்கீத விமரிசனம் படிக்கிற பழக்கம் உள்ளவர்கள் இந்த வாக்கியத்தை ஆயிரம் தடவையாவது பார்த்திருப்பீர்கள். மார்கழி மாதம் பேப்பரைப் பிரித்தால் வாரம் ஒரு வித்வான் தலையில் இது விழும். மிருதங்கக்காரர் கொஞ்சம் சிக்கலாக வாசித்துவிட்டால் போதும், ‘கணக்கு வழக்கு அதிகம்’ என்று எழுதிவிடுவார்கள். நான் பட்டுக் கூட்டுறவு சங்கம் ஒன்றில் 31 வருஷம் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். கணக்கு என்ற சொல்லை ஒருவர் வசவாகப் பயன்படுத்தும்போது எனக்குச் சுருக்கென்று இருக்கும். அதனால் இந்த விஷயத்தில் நான் நடுநிலையாளன் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இதை இப்போது எழுதக் காரணம் என் தம்பி பேரன். பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. சனி, ஞாயிறுகளில் இரண்டு நண்பர்களோடு சேர்ந்து ஒரு பாண்டு. இவன் டிரம்ஸ், மற்ற இருவரும் கிதார். பாட்டு கிடையாது. இவர்கள் வாசிப்பதற்குப் பெயர் ப்ரோகிரசிவ் மெட்டல். மெட்டல் என்றால் மின்சாரக் கிதாரில் இடி இடிக்கிற சங்கீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ப்ரோகிரசிவ் என்று முன்னால் சேர்த்துவிட்டால், இடி தாளத்தோடு இடிக்கும். அதுவும் நாலு நாலாக எண்ணுகிற சினிமாத் தாளம் இல்லை. ஏழு, ஐந்து, பதினொன்று என்று மாறிக்கொண்டே போகும். உருப்படி ஒவ்வொன்றும் பத்து நிமிஷம்கூட ஓடும்.

போன வருஷம் இவர்கள் ஒரு ஆல்பம் வெளியிட்டார்கள். அதற்கு வந்த ஒரே விமரிசனம் நாலு வரி. அந்த நாலு வரியின் சாரம்தான் நான் மேலே எழுதியிருக்கும் வாக்கியம். பையன் பொங்கலுக்கு ஓரிக்கை வந்திருந்தபோது, “டிரம்ஸ் செட்டை வித்துடலாம்னு இருக்கேன் தாத்தா” என்றான்.

இந்த வகை சங்கீதத்தில் பெரிய ஆட்களுக்கு என்ன விமரிசனம் வந்தது என்று அவனிடமே கேட்டேன். அமெரிக்காவில் ‘அனிமல்ஸ் ஆஸ் லீடர்ஸ்’ என்று மூவர் கூட்டணி. அங்கேயும் பாட்டு கிடையாது. எட்டுத் தந்தி கிதார் இரண்டு, டிரம்ஸ் ஒன்று, அவ்வளவே. டோசின் அபாசி என்பவர் தலைவர். 2009-லிருந்து 2022-க்குள் ஐந்து ஆல்பங்கள். விமரிசகர்களில் பலர் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள். சிலர், விரல் வேலை பிரமாதம், மனசைத் தொடவில்லை என்றார்கள். 2014-ல் வந்த ‘தி ஜாய் ஆஃப் மோஷன்’ ஆல்பத்தில் ராகம் மாதிரி இழைகள் சற்று அதிகம். உடனே, இப்போதுதான் இவர்களுக்குப் பாட்டு வந்திருக்கிறது என்று எழுதினவர்களும் உண்டு.

இவர்களுக்கு முன்னோடி என்று சொல்லத்தக்க இன்னொரு மூவர் கனடாவின் ‘ரஷ்’. 1974-ல் முதல் ஆல்பம். மூன்றாவது ஆல்பம் சரியாகப் போகவில்லை. கம்பெனிக்காரர்கள், ரேடியோவில் போடுகிற மாதிரி சின்னச் சின்னப் பாட்டாகக் கொடுங்கள் என்றார்கள். அதற்கு இவர்கள் 1976-ல் ஒரு பக்கம் முழுக்க 20 நிமிஷம் ஓடும் ஒரே உருப்படியைக் கொடுத்தார்கள். அந்த ‘2112’தான் அவர்களைக் காப்பாற்றியது. விமரிசகர்கள் மட்டும் பல வருஷம் இவர்களைக் கேலி செய்துகொண்டே இருந்தார்கள். ராக் இசையின் பெரிய கௌரவமான ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தது 2013-ல். முதல் ஆல்பம் வந்து 39 வருஷம் கழித்து! ரசிகர்கள் காத்திருந்தார்கள், அதனால் அவர்கள் பிழைத்தார்கள். எல்லோருக்கும் அப்படி ரசிகர்கள் வாய்ப்பதில்லை.

வெளிநாட்டுக் கதை போதும். நம் ஊருக்கு வருகிறேன்.

காஞ்சிபுரம் நாயனா பிள்ளை என்ற பெயரை என் வயதுக்காரர்கள் தங்கள் அப்பா, தாத்தா வாயிலாகக் கேட்டிருப்பார்கள். இளைய தலைமுறைக்கு முற்றிலும் தெரியாது. இயற்பெயர் சுப்பிரமணிய பிள்ளை. 1889-ல் பிறந்து 1934-ல் மறைந்தார். தனகோடி அம்மாள் குடும்பம். அவர் கச்சேரிக்கு ‘ஃபுல் பெஞ்ச்’ என்று பெயர். ஹைகோர்ட்டில் பல நீதிபதிகள் சேர்ந்து உட்காருவதைச் சொல்கிற வார்த்தையை ரசிகர்கள் மேடைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். வயலின், மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங், கொன்னக்கோல் என்று மேடை நிறைந்திருக்கும். புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளை போன்ற மலைகள் பக்கத்தில். நடுவில் இவர் ஒருவர் பல்லவியை எடுத்து, காலத்தைக் கூட்டி, குறைத்து, அத்தனை பேருக்கும் பிடி கொடுக்காமல் ஸ்வரம் பாடி எடுப்புக்கு வந்து நிற்பாராம். அது சங்கீதமா சண்டையா என்று கேட்டவர்கள் அந்தக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள். என் தாத்தாவே அந்தக் கட்சிதான் என்று அப்பா சொல்வார். “கச்சேரிக்குப் போனா நிம்மதியா இருக்கணும்டா, பரீட்சை எழுதற மாதிரி இருக்கக் கூடாது” என்பாராம் தாத்தா.

தாத்தா சொன்னது ஒரு ரசிகனின் ருசி. அதில் தப்பே கிடையாது. ஆனால் அந்தக் ‘கணக்கு’ எங்கே போய்ச் சேர்ந்தது என்று பாருங்கள். டி. பிருந்தா, டி. முக்தா சகோதரிகள் அவரிடம் பாடம் கேட்டவர்கள். பதம், ஜாவளி என்றால் இன்றைக்கும் உருக்கத்துக்கு உதாரணமாகச் சொல்லப்படுகிற பெயர்கள். சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை அவருடைய சிஷ்யர். 1919-ல் இதே காஞ்சிபுரத்தில் பிறந்த டி.கே. பட்டம்மாள் சின்ன வயசில் நாயனா பிள்ளையின் பாட்டைக் கேட்டு வளர்ந்தவர். பெண்கள் பல்லவி பாடக் கூடாது என்று இருந்த காலத்தில் மேடையில் பல்லவி பாடி ‘பல்லவி பட்டம்மாள்’ என்று பெயர் வாங்கினார். வெறும் கணக்கு என்றால் அதில் இவ்வளவு விளைந்திருக்குமா? கணக்குப் பண்ணிப் பாடுகிறவனுக்கு மனசு இல்லை என்று யார் இவர்களுக்குச் சொன்னது?

இரண்டாவது உதாரணம், நம்மவர்கள் பாதிக்குப் பாதி இருந்த ஒரு குழு. ஜான் மெக்லாக்லின் ஆங்கிலேயர். மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா என்று ஒரு குழுவை வைத்துக்கொண்டு காது கிழிய மின்சாரக் கிதார் வாசித்து உலகப் புகழ் அடைந்தவர். அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் நம்முடைய டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றுக்கொண்டார். பிறகு மின்சாரத்தை அணைத்துவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ‘சக்தி’ என்ற குழுவைத் தொடங்கினார். வயலினுக்கு எல். சங்கர். அவருடைய தகப்பனார் வி. லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் சங்கீதம் சொல்லிக் கொடுத்தவர். தபலா ஜாகிர் உசேன். கடம் விக்கு விநாயகராம். 1966-ல் எம்.எஸ். அம்மா ஐ.நா. சபையில் பாடியபோது கடம் வாசித்தவர் அவர்தான். முதல் தட்டில் மட்டும் ராமநாதபுரம் ராகவனின் மிருதங்கமும் உண்டு.

அந்த முதல் தட்டு 1976-ல் வந்தது. முந்தின வருஷம் ஒரு கல்லூரியில் நடந்த கச்சேரியை அப்படியே பதிவு செய்தது. மொத்தம் மூன்றே உருப்படி. அதில் ஒன்று கிட்டத்தட்ட 29 நிமிஷம். அடுத்த வருஷத்துக்குள் இன்னும் இரண்டு ஆல்பங்கள், ‘எ ஹாண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி’, ‘நேச்சுரல் எலிமென்ட்ஸ்’. மூன்றாவதில் உருப்படிகளைச் சுருக்கியும் பார்த்தார்கள். பழைய ராக் ரசிகர்கள் ஏமாந்து போனார்கள். கிதாரை பிளக்கில் சொருகாமல் இந்த மனுஷன் என்ன செய்கிறார் என்று கேட்டார்கள். தட்டுகள் முன்பு மாதிரி விற்கவில்லை. கம்பெனிக்கு ஆர்வம் போயிற்று. குழு கலைந்தது.

நம் பக்கம்? சங்கத்தில் என்னோடு வேலை பார்த்த ஒருவர் தீவிர சங்கீத ரசிகர். காஞ்சிபுரத்தில் எந்தக் கோயிலில் கச்சேரி என்றாலும் முதல் வரிசையில் இருப்பார். மெட்ராஸிலிருந்து யாரோ கொண்டுவந்த ‘சக்தி’ காஸெட்டை அவருக்குப் போட்டுக் காட்டினேன். எண்பதுகளின் தொடக்கம் இருக்கும். பத்து நிமிஷம் கேட்டார். “கடத்தை இவ்வளவு தூரம் கொண்டுபோய் ஓட்டப் பந்தயம் விட்டிருக்கான்யா” என்றார். ஆனால் அந்தப் பத்து நிமிஷமும் அவர் வலது கை தொடையில் தாளம் போட்டுக்கொண்டே இருந்தது. அதை நான் பார்த்தேன். அவர் வாய் சொன்னதைவிட அந்தக் கை சொன்னதுதான் சரியான விமரிசனம் என்று அன்றைக்கே எனக்குத் தோன்றியது.

பிற்பாடு மாண்டலின் ஸ்ரீநிவாஸ், விநாயகராமின் மகன் செல்வகணேஷ், சங்கர் மகாதேவன் என்று புது ஆட்களோடு அந்தக் குழு மறுபிறவி எடுத்தது. 2023-ல் வந்த ‘திஸ் மொமென்ட்’ ஆல்பத்துக்கு 2024 பிப்ரவரியில் கிராமி கிடைத்தது. டிவியில் எல்லாம் இந்தியாவுக்குப் பெருமை என்றார்கள். பெருமைதான். 1977-ல் இந்தப் பெருமை எங்கே போயிருந்தது என்று கேட்க எனக்கு ஆசை. யாரிடம் கேட்பது?

ஓரிக்கைக்காரன் என்ற முறையில் ஒரு கதை ஞாபகம் வருகிறது. நம் ஊர்ப் பெயருக்குக் காரணமாகச் சொல்கிற கதை. உள்ளூர்க்காரர்களுக்குப் புதிசில்லை, வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். திருமழிசை ஆழ்வாரின் சீடர் கணிகண்ணன். பல்லவ ராஜா தன்னைப் புகழ்ந்து பாடச் சொன்னான். சீடர் மறுத்தார். ஊரை விட்டுப் போ என்றான் ராஜா. சீடர் கிளம்ப, ஆழ்வாரும் கிளம்ப, ஆழ்வார் சொன்னாரென்று பெருமாளே பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு பின்னால் நடந்தாராம். மூவரும் ஓர் இரவு தங்கிய இடம் ‘ஓர் இரவு இருக்கை’, அதுவே ஓரிக்கை. காலையில் ராஜா ஓடிவந்து மன்னிப்புக் கேட்டுத் திரும்ப அழைத்துப் போனான். இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது பெருமாள் வந்தது இல்லை. ஒரு பாட்டுக்காரன் போனதும் ஊர் விடிவதற்குள் இருண்டு போனது என்பதும், ராஜா அதே ஊரின் வாசலுக்கு ஓடிவந்து கேட்டான் என்பதும்தான். இந்தக் காலத்து ராஜாக்களுக்கு ஓடிவர 39 வருஷம் ஆகிறது.

சரி, கணக்குக்கு வருகிறேன். காஞ்சிபுரத்தில் ‘கோர்வை’ என்றால் இரண்டு அர்த்தம். மிருதங்கக்காரர் தனி ஆவர்த்தனத்தை முடிக்க மூன்று தடவை வாசிக்கிற தீர்மானமான சொற்கட்டுக்குக் கோர்வை என்று பெயர். ஆதி தாளத்தில் அக்ஷரத்துக்கு நாலு மாத்திரை வைத்தால் ஒரு ஆவர்த்தனம் 32 மாத்திரை. ஐந்து மாத்திரைச் சொல்லை மூன்று தடவை வைத்தால் 15. அப்படியானால் 17 மாத்திரை கழிந்தபின் தொடங்கினால்தான் சமத்தில் வந்து விழும். இது குழந்தைக் கணக்கு, வித்வான்கள் போடுவது இதைவிட நூறு மடங்கு. இன்னொரு கோர்வை தறியில். சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டுக்கும் தனித்தனி நாடா. மூன்று நாடா ஓடும், பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நாடா போட இன்னொரு ஆள் வேண்டும். ஒவ்வொரு ஊடையிலும் உடலின் இழையும் கரையின் இழையும் ஒன்றையொன்று கொக்கி போட்டுப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரு இடத்தில் எண்ணிக்கை தப்பினால் அங்கே கரை பல்லிளிக்கும். பாவில் எத்தனை இழை, கரையில் எத்தனை, புட்டாவுக்கு ஜக்கார்டு அட்டை எத்தனை, எல்லாம் எண்ணிக்கை. கல்யாணப் பெண் அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு மணையில் உட்காரும்போது ‘வெறும் கணக்கு’ என்று யாராவது சொல்கிறார்களா?

நான் சங்கத்தில் சேர்ந்த புதிசில், வாங்க வருகிற வயசான அம்மாக்கள் சேலையைத் திருப்பிப் போட்டு, கரை சேருகிற இடத்தில் விரலை ஓட்டிப் பார்ப்பார்கள். கோர்வையா இல்லையா என்று விரலுக்கே தெரியும். அந்த விரல்கள் குறையக் குறைய கோர்வைத் தறிகளும் குறைந்தன. இரண்டு பேர் உழைப்பு, கூடுதல் நாட்கள், அதற்கான கூலி. வித்தியாசம் தெரியாதவரிடம் அந்த விலையை எப்படிச் சொல்வது? ஓரிக்கையில் தறிச் சத்தம் குறைந்ததற்குப் பல காரணங்கள் உண்டு, அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும். ஆனால் பார்க்கத் தெரிந்த கண் போனால் செய்யத் தெரிந்த கையும் போகும் என்பதை நான் பேரேட்டிலேயே பார்த்தவன்.

சங்கீதத்திலும் அதேதான் நடக்கிறது. நாயனா பிள்ளை மேடையில் ஒரு நாற்காலி கொன்னக்கோலுக்கு இருந்தது. இன்றைக்கு நம் சபாக்களில் கொன்னக்கோல் கேட்பது அபூர்வம். வேடிக்கை என்னவென்றால், மெட்டல் டிரம்மர்கள்தான் இப்போது அதைத் தேடிக்கொண்டு வருகிறார்கள். பெங்களூர் பி.சி. மஞ்சுநாத் ஃபிபோனாச்சி எண்களை வைத்துச் சொன்ன கொன்னக்கோலை உலகம் முழுக்கப் பார்த்திருக்கிறார்கள். என் தம்பி பேரன் தகதிமி சொல்லக் கற்றுக்கொண்டதும் வீட்டுப் பெரியவர்களிடம் இல்லை, மொபைலில்.

விமரிசகர் கடுமையாக எழுதக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ‘கர்நாடகம்’ என்ற பெயரில் ஆனந்த விகடனில் கல்கி எழுதியபோது தயவு தாட்சண்யம் பார்த்ததில்லை. சுப்புடு பேனாவைத் திறந்தால் ரத்தம் வரும் என்பார்கள். ஆனால் சுப்புடு ஆர்மோனியம் வாசிக்கத் தெரிந்தவர். எங்கே இடறியது என்று இடத்தைச் சுட்டி அடிப்பார். அடி வாங்கியவருக்கு, எங்கே அடிபட்டது என்றாவது தெரியும். ‘ஜீவன் இல்லை’ என்ற அடி எங்கே பட்டது என்று யாருக்கும் தெரியாது. அதைச் சரிசெய்யவும் முடியாது, மறுக்கவும் முடியாது.

அதனால் பொங்கல் கழிந்த மறுநாள் பையனை உட்கார வைத்து, அந்த ஆல்பத்தைச் சத்தம் குறைத்துப் போடச் சொன்னேன். ஐந்து உருப்படி. தாளம் போட்டுக்கொண்டு, ஒரு பழைய டைரியில் குறித்துக்கொண்டு கேட்டேன். இரண்டாவது உருப்படி பதினொன்று. நாலு, நாலு, மூன்று என்று போகிறது. அதன்மேல் ஒரு கிதார் ஐந்தைந்தாக வாசிக்கிறது. 55 எண்ணிக்கை ஆனதும் இரண்டும் ஒரே இடத்தில் வந்து உட்காருகின்றன. உட்கார்ந்த அந்த இடத்தில் மற்ற கிதார் ஒரே ஒரு ஸ்வரத்தை நீட்டி நிற்கிறது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. 72 வயசில் மெட்டல் கேட்டு மயிர்க்கூச்செறிவது என் மனைவிக்குச் சிரிப்பாக இருந்தது, அது வேறு விஷயம். அந்த நாலு வரி விமரிசனத்தில் இந்த இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மூன்றாவது உருப்படி எனக்குப் பிடிக்கவில்லை. அதையும் அவனிடம் சொன்னேன். கோர்வைக்குமேல் கோர்வையாக வைத்துக்கொண்டே போகிறார்கள், மூச்சு விட இடமில்லை. தனி ஆவர்த்தனம் முடிந்து பாடகர் பல்லவியை மறுபடி எடுக்கும்போது சபையே ஒரு பெருமூச்சு விடுமே, அந்த இடம் அதில் இல்லை. மூன்று நிமிஷத்தை வெட்டலாம் என்றேன். பையன் முகம் சுருங்கவில்லை. நோட்டை வாங்கி எந்த இடம் என்று பார்த்தான். “இதை யாராவது முன்னாடியே சொல்லியிருக்கலாம் தாத்தா” என்றான்.

அவனுக்கு நல்ல வார்த்தை தேவைப்படவில்லை. எண்ணிப் பார்த்த ஒருவர் தேவைப்பட்டார்.

காஞ்சிபுரத்தில் தாளம் போடத் தெரிந்த பெரியவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்கள் வீட்டிலும் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தலையை ஆட்டுகிற பேரனோ பேத்தியோ இருக்கலாம். ஒரு நாள் அதை வாங்கி மாட்டிப் பாருங்கள். சத்தத்தை முதலில் பாதியாகக் குறைத்துவிடுங்கள், நம் காதுக்கு அது போதும். பிடிக்கவில்லை என்றால் தாராளமாகச் சொல்லுங்கள், எத்தனையாவது நிமிஷத்தில் என்பதையும் சேர்த்து.

டிரம்ஸ் செட் இதுவரை விற்கப்படவில்லை. நாலாவது உருப்படியில் நடுவே ஒரு இடம் 13-ஆ, அல்லது ஆறும் ஏழுமாக மாறி வருகிறதா என்று எனக்கும் அவனுக்கும் வழக்கு நடக்கிறது. வாசித்தவனே அவன், ஆனாலும் ஏழுதான் முதலில் வருகிறது என்கிறேன் நான். நேற்று ராத்திரி போனில் அரை மணி நேரம் இதே பேச்சு. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பகுதியை மட்டும் மெதுவாக வாசித்து அனுப்புகிறேன் என்றிருக்கிறான்.